எல்லாப் படத்துக்கும் ஒரே பதில்

அக்காவையும் சிட்டுவையும் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்த அன்று, அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டவை இவை. சிட்டுவின் பதில்கள் கணக்கில் சேராது என்று எங்கள் ஆய்வகப் பேராசிரியர் சொல்லிவிட்டதைச் சொல்லவில்லை. ஸ்கேன் இயந்திரத்தின் குழாய்க்குள் படுத்திருந்த நேரம் முழுக்க அவள் எல்லாப் படத்துக்கும் ஒரே பொத்தானை அழுத்தினாள், நடுநடுவே வந்த குடைக்கும் பூட்டுக்கும்கூட அதையேதான் அழுத்தினாள் என்பதைச் சொல்லவில்லை. "பொண்ணுக்குக் கேள்வி புரியலையோ?" என்று பேராசிரியர் கேட்டதையும், புரியாமல் இல்லை, நன்றாகப் புரிந்துதான் அழுத்தியிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியதையும் சொல்லவில்லை. பேருந்து நகரும்போது அக்கா ஜன்னல் வழியாக, "என்னடி சொல்லுச்சு உன் மிஷின்?" என்று கத்தினாள். "நேரமாகும்க்கா" என்றேன். சிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

சிட்டு அக்காவின் ஒரே மகள், அப்போது பன்னிரண்டு வயது. குறைமாதத்தில், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவில் பிறந்ததால் வந்த பெயர். உடம்பு கூடிய பிறகு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் சிரித்தார்கள். பிள்ளைகளுக்குத் தின்பண்டப் படங்களைக் காட்டி, அப்போது மூளையில் எந்த இடம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிற ஆய்வகத்தில் எனக்கு வேலை. அந்தத் தின்பண்டப் படங்களை எடுப்பது, பிள்ளைகளைப் பயமில்லாமல் குழாய்க்குள் படுக்க வைப்பது, கேள்விகளைத் தமிழில் எழுதுவது எல்லாம் நான்.

அக்கா வீடு ஒன்றரை அறை. போனில் பேசினால் அத்தனையும் சிட்டு காதில் விழும். அதனால் அக்கா வேலை செய்யும் தையல்கடை முகவரிக்கு எழுதினேன். சிட்டுவுக்கு எழுதியவை நான் அனுப்பிய புத்தகங்களுக்குள் போயின. படித்து முடித்துத் திருப்பி அனுப்பும்போது அவளும் உள்ளே ஒரு தாள் வைப்பாள்.

*

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? அவ்வளவு நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்ததில் முதுகுவலி கூடியதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. சளிகூட விட்டுவிட்டது.

சிட்டு அன்று அசையவே இல்லை. அந்தக் குழாய்க்குள் பெரியவர்களே பாதியில் "எடுங்க, எடுங்க" என்று கத்துவார்கள். காலையிலிருந்து வெறும் வயிறு, அப்படியும் முணுமுணுக்கவில்லை. எடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கலாம். எங்கள் பக்கத்துக் காரணம்தான், கவலைப்படாதே.

அன்று முழுக்க நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டே இருந்தாய். அடுத்த முறை கீழே தேநீர்க் கடையில் உட்கார். அங்கே நாற்காலிக்கு முதுகு இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். சிட்டுவுக்கு முத்தம்.

உன் தங்கை

*

ஜூன் 24

அன்புத் தங்கச்சி,

உன் கடிதாசி கடைக்கு வந்துச்சு, நல்லா இருக்கேன்னு படிச்சதும் நிம்மதி. இங்க எல்லாரும் இருக்கோம். முதுகு அப்படியேதான் இருக்கு, மெஷினை விட்டு எழுந்தாத்தானே அது சரியாகும். உன்னை மாதிரி எழுத எனக்கு வராது, வாய்ல வர்றதைத்தான் எழுதுவேன்.

முதல்ல ஒண்ணு கேக்கணும். உங்க ஆஸ்பத்திரி கவுனை எந்தப் புண்ணியவான் வெட்டினான்? கைக்குழி எல்லாருக்கும் ஒரே அளவு. சிட்டுவுக்குப் பின்பக்கம் நாடா எட்டவே இல்லை. புள்ளை ரெண்டு கையாலயும் பின்னாடி பிடிச்சுக்கிட்டு நடந்துச்சு. அங்கயே ஊசி வாங்கி ஒரு பட்டி வெச்சுத் தெச்சுடலாமான்னு எனக்குக் கை பரபரத்துச்சு.

பள்ளிக்கூடம் திறக்குற நேரம், யூனிஃபார்ம் மலையா கிடக்கு. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் வளர்ற உடம்புன்னு உள்ள மடிச்சு ரெண்டு இஞ்ச் துணி விட்டுத் தெக்கிறேன். சிட்டு பாவாடைக்கு விடலை. இடுப்பை ஒரு இஞ்ச் பிடிச்சே தெச்சிருக்கேன், அதுக்குள்ள வரட்டும். அளவெடுக்கும்போது நம்ம கடையில காஜா எடுக்குற அக்கா, "ஒரு டேப் பத்தாதுடி, என்னோடதையும் முடிச்சுப் போட்டுக்கோ"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுது. நானும் சிரிச்சேன். என்ன பண்றது. சிட்டுவும் சிரிச்சுச்சு.

இப்ப முக்கியமான விஷயம். தலைமை டீச்சர் ஒரு இடம் சொன்னாங்க. மலை மேல ஒரு உறைவிடப் பள்ளி, உடம்பு கூடின பிள்ளைங்களுக்கு மட்டும். ஒரு வருஷம் முழுக்க அங்கயே இருக்கணும். படிப்பு, ஓட்டம், அளந்த சாப்பாடு. லீவுக்குக்கூட வீட்டுக்கு விட மாட்டாங்களாம், வீடுதான் கெடுக்குதாம். அக்டோபர்ல சேக்கணும். உடம்புல வேற நோய் இல்லைன்னு எழுதின தாள் கேக்குறாங்க. உங்க மிஷின் தலைக்குள்ளயே படம் எடுத்திருக்கே, அதுக்கு மேல என்ன வேணும்? பேராசிரியர்கிட்ட வாங்கி அனுப்பிடு.

எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவளுக்கு இருக்குறது நோயா, திமிரா? "நீ ஒளிச்சுத் தின்னாலும் சித்தி மிஷின் காட்டிக் குடுத்துடும்"னு சொல்லித்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். அது என்ன காட்டுச்சுன்னு மறைக்காம எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. நீயாவது.

அக்கா

*

ஜூலை 3

அன்புள்ள சித்திக்கு,

சிட்டு எழுதுறேன். நீங்க சுகமா? நான் சுகம். கப்பல் கதை படிச்சு முடிச்சுட்டேன். கப்பல்ல சாப்பாடு தீர்ந்து போற இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் தீவு வர்ற இடம் அவ்வளவு நல்லா இல்லை.

சித்தி, ஒண்ணு கேட்டா யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அந்த மிஷின் பொய்யைக் கண்டுபிடிச்சுடுமா? படம் வரும்போதெல்லாம் டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு. நான் "போதும்" பொத்தானை அழுத்தும்போது மட்டும் சத்தம் கூடின மாதிரி இருந்துச்சு. அம்மா கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருந்தாங்க. அதனாலதான் குடைக்கும் போதும்னு அழுத்தினேன். நடுவுல நிறுத்தினா எதுக்கு நிறுத்தினேன்னு தெரிஞ்சுடும்ல.

ரொட்டி மேல வெண்ணெய் உருகுற படம் யார் எடுத்தது? அது நிஜ ரொட்டியா? படம் எடுத்து முடிச்சதும் அதை யார் சாப்பிட்டாங்க?

அடுத்த புத்தகம் தடியா அனுப்புங்க.

சிட்டு

*

ஜூலை 11

என் செல்லச் சிட்டுவுக்கு,

நீ சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். நானும் சுகம்தான். தடியான புத்தகம் இதோ. ஓரம் கொஞ்சம் கரையான் அரித்திருக்கும், கதையை அரிக்கவில்லை.

ரொட்டி நிஜ ரொட்டி. படம் எடுத்தது நான். வெண்ணெய் பாதி உருகும் வரை காத்திருந்து எடுத்தேன். பிறகு நானும் வாசல் காவலாளியும் ஆளுக்குப் பாதி தின்றோம். அதற்குள் ஆறிப்போயிருந்தது.

அந்த இயந்திரத்துக்குப் பொய்யும் தெரியாது, உண்மையும் தெரியாது. சத்தம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் வரும். நான் படுத்தாலும் வரும், பூசணிக்காயை வைத்தாலும் வரும். மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் கொஞ்சம் கூடுதலாகப் போகிறது என்று அது பார்க்கிறது, அவ்வளவுதான். அதையும் நிறையப் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் ஏதாவது புரியும். உன் ஒருத்தியின் படத்தைப் பார்த்து, நீ என்ன நினைத்தாய் என்று உலகத்தில் ஒருவராலும் சொல்ல முடியாது. அம்மாவாலும் முடியாது, என்னாலும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பொத்தானுக்குப் "போதும்" என்று பெயர் வைத்தது நான். பேராசிரியர் "வேண்டாம்" என்றுதான் எழுதியிருந்தார். அது முகத்தில் அடித்தாற்போல இருக்கிறதே என்று மாற்றினேன். யாராவது தட்டை நீட்டினால் மரியாதைக்குச் சொல்லச் சொல்லி நாம் பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்ட சொல் அது என்பது எனக்கு உறைக்கவில்லை. உன்னைப் போலவே பல பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் அதையே அழுத்தியிருக்கிறார்கள், அதுவும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர்கள். இப்போது சொல்லே கிடையாது. எவ்வளவு ஆசை என்பதற்கு ஒன்று முதல் நான்கு வரை பொத்தான்கள். கண்ணாடிக்குத் திரையும் போட்டாகிவிட்டது.

மறுபடி ஒரு முறை வருகிறாயா? வர விருப்பமில்லை என்றாலும் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் சித்தி

*

ஜூலை 14

அன்புள்ள அக்கா,

இங்கே நலம். நீ மருந்துத் தைலம் தேய்ப்பதை விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். விடாதே.

நோயா திமிரா என்று கேட்டிருந்தாய். அந்த இரண்டுக்கும் எங்கள் படத்தில் இடம் இல்லை. ஒரு பிள்ளையின் படத்தை வைத்து அதைச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பல பிள்ளைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் ஒரு விஷயம் தெரிவதாகப் பேராசிரியர் நினைக்கிறார். சில பிள்ளைகளுக்கு வயிறு நிறைந்ததும் தின்பண்டப் படத்தின் மேல் இருந்த நாட்டம் இறங்கிவிடுகிறது. சில பிள்ளைகளுக்கு அப்படி இறங்குவதில்லை. உடம்பு கூடிய பிள்ளைகளிடம் இதை அதிகம் பார்ப்பதுபோல் இருக்கிறதாம். இதுவும் இன்னும் உறுதியாகாத பேச்சு.

ஆகஸ்டில் இன்னொரு முறை சிட்டுவை அழைத்து வா. கதிரியல் மருத்துவர் அப்போது படத்தைப் பார்ப்பார். நீ கேட்ட தாள் அவரிடம்தான் கிடைக்கும்.

ஒரு வருடம் என்பது நீண்ட காலம், அக்கா.

உன் தங்கை

*

ஜூலை 30

தங்கச்சி,

எல்லாரும் சுகம். ஆகஸ்ட் மூணாவது வாரம் லீவு சொல்லியிருக்கேன், கூட்டிட்டு வர்றேன்.

இறங்குது, இறங்கலைன்னு நீ எழுதினதைக் கடை வாசல்ல நின்னு நாலு தடவை படிச்சேன். உனக்கென்ன, எழுதிட்டே. ஒரு வருஷம் நீளம்னு எனக்குச் சொல்லித் தரணுமா? நான்தான் பெத்தவ.

அக்கா

*

ஆகஸ்ட் 27

அன்புள்ள சித்திக்கு,

நாங்க பத்திரமா வந்துட்டோம். நீங்க சுகமா? தடிப் புத்தகம் பாதிதான் ஆச்சு, அதனால இந்தச் சின்னப் புத்தகத்துல வெச்சு அனுப்புறேன்.

இந்தத் தடவை அம்மா கீழ இருந்தாங்க, திரையும் இருந்துச்சு. அதனால நாலு நாலா அழுத்தினேன். குடைக்கு அழுத்தலை. அந்த இனிப்புத் தண்ணி குடுத்தீங்கல்ல, அதைக் குடிச்சப்புறமும் நாலுதான். தப்பா சித்தி?

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். சாப்பிட்டுக் கை கழுவும்போதே எனக்குத் திரும்பப் பசிக்கும். வகுப்புல கணக்கு போடும்போது யார் பையில என்ன இருக்குன்னு எனக்கு வாசனை தெரியும். எல்லாருக்கும் இப்படித்தானே? என் பக்கத்துல உக்கார்றவ பாதி கேக்கைத் தாள்ல சுத்திப் பைக்குள்ள வெச்சா. வெச்சுட்டு மறந்தே போயிட்டா. சாயங்காலம் வரைக்கும் நான்தான் அதை நெனச்சுக்கிட்டு இருந்தேன். "எப்படிடி அடக்குற?"ன்னு கேட்டேன். "எதை?"ன்னு கேட்டா. சொல்லித் தர மாட்டேங்குறான்னு எனக்குக் கோவம். நீங்க, அம்மா, அப்பா எல்லாரும் எப்படி அடக்குறீங்க? எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது? அந்த மலைப் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லித் தருவாங்களா? தருவாங்கன்னா போறேன். பாவாடை இறுக்கி உக்காரும்போது மூச்சு முட்டுது, அது சரியாயிடும்ல.

அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க. இப்பவே தின்பண்ட அலமாரிச் சாவியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் தூங்குறாங்க. இதைச் சொன்னா தூங்கவே மாட்டாங்க.

சிட்டு

*

செப்டம்பர் 2

என் சிட்டுவுக்கு,

நலமா கண்ணு? உன் கடிதம் கிடைத்தது. இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நாலு அழுத்தியது தப்பே இல்லை. உனக்கு என்ன தோன்றியதோ அதுதான் எங்களுக்கு வேண்டும்.

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் அப்படி இல்லை. நான் சாப்பிட்டு எழுந்தால், மேஜையில் மிச்சம் இருக்கும் ரொட்டி மேஜையைப் போல, தட்டைப் போல ஒரு பொருள் ஆகிவிடும். அதை நான் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் எதையும் அடக்குவதில்லை, சிட்டு. அடக்குவதற்கு அந்த நேரம் என்னிடம் ஒன்றும் இருப்பதில்லை. உன் தோழி உன்னிடம் எதையும் மறைக்கவில்லை, நீ கேட்டது அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை. எங்களை எல்லாம் கெட்டிக்காரர்கள் என்றும், உன்னை மட்டும் தோற்றவள் என்றும் நீ இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் தூக்காத சுமையை நீ தினமும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வருகிறாய்.

ஏன் அப்படி என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மலைப் பள்ளியில் ஓடச் சொல்லித் தருவார்கள், அளந்து சாப்பிடச் சொல்லித் தருவார்கள். அதில் சிலருக்கு நன்மையும் இருக்கலாம். பசி எழாமல் இருக்கச் சொல்லித் தருவார்கள் என்று நம்பி மட்டும் போகாதே.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதை அம்மாவிடம் நான் சொல்லட்டுமா? நீயே சொன்னால் இன்னும் நல்லது. உன் பதில் வரும் வரை காத்திருக்கிறேன்.

உன் சித்தி

*

செப்டம்பர் 10

தங்கச்சி,

நல்லா இருக்கியா? உனக்கு வேலை அதிகம் போல, தாள் இன்னும் வரலை. மாசக் கடைசிக்குள்ள அனுப்பணும்னு பள்ளியில சொல்லிட்டாங்க. துணி எடுத்து அவங்க யூனிஃபார்மும் வெட்டியாச்சு. நீல நிறம். நல்லாத்தான் இருக்கு.

சிட்டு எதுவும் பேசுறதில்லை. போறியாடின்னா போறேங்குது. உங்க அத்தான் வழக்கம்போல பேப்பருக்குள்ள தலையை விட்டுக்கிட்டு உக்காந்திருக்கார். நேத்து மட்டும், "அவ இல்லாம வீடு எப்படி இருக்கும்?"னாரு. ஒன்றரை அறை ரெண்டு அறையாகும்னு சொன்னேன். சொல்லிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

உனக்கு ஞாபகம் இருக்கா, நீ அப்ப காலேஜ். இவ பொறந்து முதல் மூணு மாசம் எடையே ஏறலை. டாக்டரம்மா என்னைப் பாத்து, "தாயா நீ? புள்ளைக்கு ஊட்டத் தெரியாதா?"ன்னு வராண்டாவுல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க. அன்னிலேருந்து ஸ்பூனும் கையுமாத்தான் இருந்தேன். தூங்குற புள்ளையை எழுப்பி ஊட்டினேன். வாயை மூடினா மூக்கைப் பிடிச்சு ஊட்டினேன். தலையைத் திருப்பினா நானும் சுத்தி அந்தப் பக்கம் வந்து ஊட்டினேன். அவளுக்கு ஒரு வயசு ஆனப்போ வாங்கின தராசுல முள்ளு ஏறினப்போ அத்தனை சந்தோஷம்.

இதெல்லாம் எதுக்கு இப்ப எழுதுறேன். தாளை அனுப்பு.

அக்கா

*

செப்டம்பர் 22

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீ தூங்குகிறாயா? அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். படத்தில் குறை ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அது உண்மைதான், அதை நிறுத்தி வைக்க எனக்கு உரிமை இல்லை. சில நாள் என் மேஜையிலேயே வைத்திருந்தேன். குறை இல்லை என்றால் கட்டியோ காயமோ இல்லை என்றுதான் பொருள், பசி இல்லை என்று பொருள் கிடையாது. அதைப் படிப்பவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்று சிட்டு கேட்டுக்கொண்டாள். அவளிடம் அனுமதி கேட்டு எழுதினேன், பதில் இல்லை. இன்னும் காத்திருந்தால் மாதம் முடிந்துவிடும். அதனால் சொல்கிறேன்.

சாப்பிட்டுக் கை கழுவும்போதே அவளுக்குத் திரும்பப் பசிக்கிறது. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த பசி அது ஒன்றுதான். அதனால் உலகத்தில் எல்லாருக்கும் பசி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்கும் எனக்கும் அதே பசி இருக்கிறது, நாம் நல்லவர்கள் என்பதால் அடக்குகிறோம், தான் மோசமானவள் என்பதால் அடக்க முடியவில்லை. இதுதான் அவள் போட்டு வைத்திருக்கும் கணக்கு. அடக்கும் வித்தையை மலைப் பள்ளியில் சொல்லித் தருவார்கள் என்றுதான் போக ஒப்புக்கொண்டிருக்கிறாள். அங்கேயும் வித்தை வராவிட்டால் தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வருவாள் என்று யோசித்துப் பார்.

நோயா திமிரா என்று நீ கேட்டாய். திமிர் இல்லை என்பதை இயந்திரம் இல்லாமலே என்னால் சொல்ல முடியும்.

நீ கேட்காத ஒன்றுக்கும் பதில் எழுதுகிறேன். நீ ஊட்டியதால்தான் இப்படி ஆனது என்று எந்தப் படமும் சொல்லாது. அதனால் இல்லை என்றும் சொல்லாது, உனக்குப் பொய் எழுத மாட்டேன். ஆனால் அப்போது நீ ஸ்பூனைக் கீழே வைத்திருந்தால், இப்போது அனுப்பலாமா வேண்டாமா என்று பேச நமக்குச் சிட்டு இருந்திருக்க மாட்டாள்.

நீ என்ன முடிவெடுத்தாலும் நான் உன் பக்கம். ஆனால் முடிவெடுக்கும் முன் அவளிடம் ஒரு முறை கேள்.

உன் தங்கை

*

அக்டோபர் 9

தங்கச்சிக்கு,

நீ சுகமா இருக்கணும். நாங்க இருக்கோம். உடனே எழுதலைன்னு கோவிச்சுக்காதே. முதல்ல உன் மேல எனக்குத்தான் கோவம். பத்து நாள் உன் கடிதாசியைத் திறந்து ரெண்டாவது தடவை படிக்கவே இல்லை. என் புள்ளைக்குப் பசிக்குதுன்னு நீ தபால்ல எழுதி எனக்குத் தெரியணுமா? அதைத்தான் திருப்பித் திருப்பி நெனச்சேன்.

போன வாரம் சாப்பாடு முடிஞ்சுது. உங்க அத்தான் வெளிய போயிருந்தார். தட்டைக் கழுவிக்கிட்டு இருந்தா. "பசிக்குதாடி?"ன்னு கேட்டேன். "போதும்மா"ன்னா. "போதுமான்னு நான் கேக்கலை, பசிக்குதான்னு கேட்டேன்"னு சொன்னேன். குழாயை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா. "சித்தி சொல்லிட்டாங்களா?"ன்னா. முதல் வார்த்தையே அதுதான். நான் ஆமாம்னேன். அப்படி அழுது நான் பாத்ததில்லை. பசியை நெனச்சுத்தான் அழுறான்னு நான் கட்டிப் பிடிக்கப் போனேன், தள்ளி விட்டுட்டா. "அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன், அவங்ககிட்ட மட்டும்தான் சொன்னேன்"னு அதையே சொன்னா.

அழுது முடிச்சப்புறம், "ஆமாம்மா, பசிக்குது"ன்னு சொன்னா. மெதுவா, ஏதோ கண்ணாடியை உடைச்சவ ஒத்துக்குற மாதிரி. திட்டுறதுக்கு வாய் வரும், ஊட்டுறதுக்குக் கை வரும், எனக்குத் தெரிஞ்சது அது ரெண்டுதானே. "எனக்கு இப்ப பசிக்கலை, நான் ஒண்ணும் அடக்கிக்கிட்டு இல்லைடி"ன்னு சொன்னேன். என் முகத்தையே பாத்தா, நிஜமான்னு. அப்புறம் ஒரு முட்டை வேக வெச்சேன். ஆளுக்குப் பாதி சாப்பிட்டோம். அது சரியா தப்பான்னு தெரியலை. உன் பேராசிரியரைக் கேட்டு எழுதாதே.

மூக்கைப் பிடிச்சு ஊட்டி நான்தான் அவளை இப்படி ஆக்கிட்டேனோன்னு ஒரு பயம் எனக்கு எப்பவும் உண்டு. அதை நான் எழுதலை. எழுதாததை நீ எப்படிப் படிச்சியோ.

மலைப் பள்ளிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன். போன் எடுத்த அந்தப் பள்ளி டீச்சர், "பாசம் கண்ணை மறைக்குது"ன்னாங்க. இருக்கட்டும்னேன். நீலத் துணியைக் காஜா எடுக்குற அக்கா தன் பேத்திக்கு வெச்சுக்கிச்சு.

சிட்டுவுக்கு நீ உடனே எழுதாதே. கொஞ்ச நாள் போகட்டும்.

அக்கா

*

நான் கொஞ்ச நாள் பொறுத்திருந்து எழுதினேன். மறுபடியும் எழுதினேன். சிட்டு உறைவிடப் பள்ளிக்குப் போகவில்லை. மாதம் ஒருமுறை ஊரில் ஒரு குழந்தை மருத்துவரைப் பார்க்கிறார்கள். அவர் சிட்டுவைத் திட்டுவதில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். எடை குறைந்ததா என்று நான் கேட்டதில்லை. அவளுக்கு இப்போது பதினான்கு வயது. நான் அக்கா வீட்டுக்குப் போனால், "வாங்க சித்தி" என்று சொல்லித் தண்ணீர் கொண்டுவந்து வைக்கிறாள். அந்த ஆகஸ்ட் கடிதத்துக்குப் பிறகு அவள் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை.